அமெரிக்க அதிபர்: சில சொற்களின் வரலாறு

நம் தமிழ் நாளேடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் நாட்டுப் பிரசிடென்டைக் ‘குடியரசுத் தலைவர்’ என்று எழுதுவார்கள். அமெரிக்கப் பிரசிடென்டை ‘அதிபர்’ என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் ஒன்றுதான். இந்திப் பத்திரிகைக்காரர்கள் இருவரையும் ‘ராஷ்டிரபதி’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர்கள் தங்கள் நாட்டில் 1978 முதல் இருந்து வரும் பதவியை ‘நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி’ என்று அடைமொழியோடு சொல்வார்கள். (அவர்களிடம் ‘அதிபர்’ என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்! யாழ்ப்பாணத்து நண்பரிடம் “அமெரிக்க அதிபர்” என்று சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.)

தமிழ் நாளேடுகள் இப்படிப் பிரித்து எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை அறிமுகம் செய்து பேசிய டாக்டர் அம்பேத்கர், நம் பிரசிடென்டுக்கும் அமெரிக்கப் பிரசிடென்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை என்றும், நம்மவர் இங்கிலாந்து மன்னரின் இடத்தில் இருப்பவர், அரசின் தலைவரே தவிர ஆட்சித்துறையின் தலைவர் அல்லர் என்றும் தெளிவுபடுத்தினார். ஆக, இரண்டு பதவிக்கு இரண்டு சொல் இருப்பது நல்லதுதான்.

ஆனால் ‘அதிபர்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. தொழிலதிபர், ஆலை அதிபர் என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே அந்தச் சொல்லுக்கு உடைமையாளர் என்று பொருள். வெள்ளை மாளிகையில் இருப்பவர் அந்த நாட்டின் உடைமையாளர் என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனசில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த எண்ணத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவை உருவாக்கியவர்கள் ‘பிரசிடென்ட்’ என்ற சாதாரணச் சொல்லைத் தேர்ந்தார்கள். அதைவிட வியப்பு, இன்று அந்தப் பதவியைப் பற்றிப் பேசும்போது தினமும் அடிபடுகிற சொற்களில் பல அவர்களுடைய அரசியல் சட்டத்தில் எங்குமே இல்லை. ‘வீட்டோ’ இல்லை, ‘கேபினட்’ என்ற அமைப்பு இல்லை, ‘எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்’ இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சண்டையிலோ சங்கடத்திலோ பிறந்த சொல். அந்தச் சண்டைகளில் சிலவற்றை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

‘பிரசிடென்ட்’ என்பதற்கு லத்தீன் வேர் வழியே பார்த்தால் ‘முன்னால் அமர்பவர்’ என்று பொருள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர், அவ்வளவுதான். நம் சங்கத்துத் தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுதந்திரப் போர்க் காலத்தில் அமெரிக்கக் காங்கிரசுக்கும் ஒரு பிரசிடென்ட் இருந்தார். அவர் வேலை கூட்டத்தை நடத்துவது. (காங்கிரஸ் என்றவுடன் நமக்கு ஒரு கட்சி நினைவுக்கு வரும், அங்கே அது நாடாளுமன்றத்தின் பெயர். செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளும் சேர்ந்ததே காங்கிரஸ்.) 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடிய மாநாட்டுக்கும் ஜார்ஜ் வாஷிங்டன்தான் பிரசிடென்ட். மே 25 முதல் செப்டம்பர் 17 வரை நாற்காலியில் அமர்ந்து, பெரும்பாலும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 1 அன்று ஆட்சித்துறை பற்றிய பேச்சு வந்தது. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் எழுந்து, நிறைவேற்றும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபையில் ஒரே நிசப்தம். யாரும் பேசவில்லையாம். கடைசியில் முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின், இது முக்கியமான விஷயம், எல்லாரும் மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த மௌனத்துக்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. முதல் பிரசிடென்டாக யார் வரப் போகிறார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவரோ எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! அவரை வைத்துக்கொண்டு “ஒரே ஆளிடம் கொடுத்தால் ஆபத்து” என்று எப்படிப் பேசுவது?

வர்ஜீனியாவின் எட்மண்ட் ராண்டால்ஃப் பேசினார். ஒருவரிடம் இந்த அதிகாரத்தைக் கொடுப்பது முடியாட்சிக்குக் கருவூட்டுவதாகும், நாட்டின் வெவ்வேறு பகுதியிலிருந்து மூன்று பேர் இருக்கட்டும் என்பது அவர் வாதம். மூன்றாம் ஜார்ஜ் மன்னரோடு போராடி விடுதலை பெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்த நேரம் அது. ஆனால் வேறொரு அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. முந்தைய கூட்டமைப்பில் தனி ஆட்சித்துறையே கிடையாது. சட்டம் போடுவார்கள், நிறைவேற்ற ஆளில்லை. 1786இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடன் தொல்லை தாங்காமல் கலகத்தில் இறங்கியபோது மத்தியில் இருந்த காங்கிரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு பயங்களையும் எடைபோட்டு ஜூன் 4 அன்று ஓட்டெடுத்தார்கள். ஒரே ஆள் என்பதற்கு 7 மாநிலங்கள், எதிர்த்து 3.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு கூத்து. 1789இல் வாஷிங்டன் பதவியேற்றதும் அவரை எப்படி அழைப்பது என்று செனட்டில் வாரக் கணக்கில் விவாதம் நடந்தது. துணைத் தலைவர் ஜான் ஆடம்ஸ், வெறும் ‘பிரசிடென்ட்’ என்றால் கிரிக்கெட் கிளப்புக்கும் தீயணைப்புச் சங்கத்துக்கும் கூடப் பிரசிடென்ட் உண்டே என்று குறைப்பட்டார். ‘மேன்மை தங்கிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரசிடென்டும் அவற்றின் உரிமைகளின் காவலருமானவர்’ என்ற பொருளில் ஒரு நீண்ட பட்டத்தைச் செனட் குழு பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. அரசியல் சட்டத்தில் உள்ள பெயரே போதும் என்று அடித்துச் சொல்லிவிட்டது. பருத்த உடல்வாகு கொண்ட ஆடம்சுக்குத்தான் ‘உருண்டை தங்கியவர்’ என்கிற மாதிரி ஒரு கேலிப்பட்டம் மிஞ்சியது. இதில் சிரிப்பு இருந்தாலும் விஷயம் சின்னதில்லை. சின்னப் பெயர்தான் வேண்டும் என்று ஒரு சபை பிடிவாதமாக நின்று வாங்கிய சொல்லைத்தான் நாம் ‘அதிபர்’ என்று பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.

பெயர் சின்னது, ஆனால் அதைத் தாங்கும் வாக்கியம் பெரியது. அரசியல் சட்டத்தின் 2ஆம் பிரிவு, நிறைவேற்று அதிகாரம் பிரசிடென்ட் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று தொடங்குகிறது. 1ஆம் பிரிவோ, ‘இதில் வழங்கப்பட்டுள்ள’ சட்டமியற்றும் அதிகாரங்கள் காங்கிரசைச் சேரும் என்று தொடங்குகிறது. ‘இதில் வழங்கப்பட்டுள்ள’ என்ற கட்டுப்பாடு 2ஆம் பிரிவின் தொடக்கத்தில் இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, கை மறதியா? இந்த ஓரிரு சொற்களின் இன்மையை வைத்து இருநூறு வருஷத்துக்கும் மேலாக வழக்காடி வருகிறார்கள். பட்டியலில் உள்ளது மட்டும்தான் பிரசிடென்டின் அதிகாரம் என்பது ஒரு கட்சி. நிறைவேற்றுவது என்ற தன்மையுள்ள அனைத்தும் அவருடையதே, ஆட்சித்துறை முழுவதும் அந்த ஒருவரின் கைக்குள் அடங்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி; ‘ஒற்றை ஆட்சித்துறைக் கோட்பாடு’ என்று இப்போது பேசப்படுவது இதுதான். ஹாமில்டன் 1793இலேயே இந்த இரண்டாம் வாதத்தை எழுதிவைத்தார். மேடிசன் எதிர்த்து எழுதினார். இருவரும் அந்தச் சட்டத்தை உருவாக்கிய சபையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, கொல்கத்தாத் தமிழர்களான நாம் கொஞ்சம் உரிமையோடு பேசக்கூடிய ஒரு சொல்லுக்கு வருகிறேன்: ‘இம்பீச்மென்ட்’. தமிழ்ச் செய்திகளில் இதைப் ‘பதவி நீக்கம்’ என்றே எழுதிவிடுகிறார்கள். “அமெரிக்க அதிபர் பதவி நீக்கம்” என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வரும். மறுநாளும் அவர் பதவியில்தான் இருப்பார். படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். இம்பீச்மென்ட் என்றால் குற்றஞ்சாட்டுவது, நீக்குவதல்ல. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் பதவி போகும். இலங்கையில் ‘குற்றப் பிரேரணை’ என்கிறார்கள். நம் சொல்லைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தச் சொல்லுக்கு வங்காளத்தோடு என்ன தொடர்பு என்கிறீர்களா? அலிப்பூரில் இன்று தேசிய நூலக வளாகத்துக்குள் இருக்கும் பெல்வெடேர் மாளிகைப் பக்கம்தான் 1780 ஆகஸ்ட் 17 அன்று கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆலோசனை சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் கைத்துப்பாக்கியால் சண்டை போட்டுக்கொண்டார்கள். காயம்பட்ட பிரான்சிஸ் இங்கிலாந்து திரும்பி, எட்மண்ட் பர்க்கிடம் ஹேஸ்டிங்ஸைப் பற்றி மூட்டை மூட்டையாகத் தகவல் கொடுத்தார். காசி ராஜா சேத்சிங்கிடமும் அவத் பேகம்களிடமும் பணம் பறித்தது முதலான குற்றங்களை அடுக்கி, 1787 மே மாதம் பிரிட்டிஷ் மக்களவை ஹேஸ்டிங்ஸை இம்பீச் செய்தது. அதே மே மாதம்தான் பிலடெல்பியா மாநாடும் தொடங்கியது. அமெரிக்கப் பத்திரிகைகளிலும் இந்தச் செய்தி வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 8 அன்று மாநாட்டில் இம்பீச்மென்ட் விதி விவாதத்துக்கு வந்தது. தேசத்துரோகம், லஞ்சம் என்ற இரண்டு குற்றங்கள் மட்டுமே வரைவில் இருந்தன. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, இது போதாது, ஹேஸ்டிங்ஸ் மீதுள்ள குற்றம் தேசத்துரோகமா என்ன என்று கேட்டார். கங்கைக் கரையில் ஒரு கவர்னர் செய்த காரியம் அமெரிக்கப் பிரசிடென்டின் சட்டத்துக்குள் இப்படித்தான் நுழைந்தது. ‘நிர்வாகச் சீர்கேடு’ என்று சேர்க்கலாம் என்றார் மேசன். மேடிசன் ஒப்பவில்லை, அவ்வளவு தொளதொளப்பான சொல்லைப் போட்டால் செனட் விரும்பும்வரை மட்டுமே பிரசிடென்ட் பதவியில் இருக்கலாம் என்று ஆகிவிடும் என்றார். மேசன் உடனே அதை எடுத்துவிட்டு, இங்கிலாந்தின் பழைய சட்டச் சொற்றொடரான ‘பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்’ என்பதை வைத்தார். அது நிறைவேறியது. இதில் ஒரு வேடிக்கை, ராண்டால்ஃப், மேசன் இருவருமே கடைசியில் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள்.

ஹேஸ்டிங்ஸ் விசாரணை 1788இல் தொடங்கி 1795 வரை இழுத்தது, கடைசியில் விடுதலையானார். அமெரிக்காவிலும் கதை அப்படியே. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் பில் கிளின்டன், 2019இலும் 2021இலும் டொனால்ட் டிரம்ப் என மூன்று பேர் மீது நான்கு முறை பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது; நான்கு முறையும் செனட்டில் போதிய ஓட்டு விழவில்லை. ஜான்சனுக்கு ஒரே ஓட்டு வித்தியாசம்: எதிராக 35, ஆதரவாக 19, தேவைப்பட்டது 36. போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனைச் செனட் சம்மதமில்லாமல் நீக்கினார் என்பதே அவர் மீது முக்கியக் குற்றச்சாட்டு. தாமே நியமித்த அதிகாரியைத் தாமே நீக்கலாமா கூடாதா என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்படவே இல்லை! 1926இல்தான் உச்ச நீதிமன்றம், நீக்கலாம், ஜான்சனைச் சிக்கவைத்த அந்தச் சட்டமே செல்லாது என்று சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட், தாமே ஒரு முன்னாள் பிரசிடென்ட்.

‘வீட்டோ’வுக்கு வருவோம். லத்தீனில் ‘தடுக்கிறேன்’ என்று பொருள். பண்டைய ரோமாபுரியில் மக்களின் காவலர்களாக இருந்த அதிகாரிகள் சொன்ன சொல் அது. அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல் கிடையாது. மசோதா வந்தால் கையெழுத்திடலாம், அல்லது ஆட்சேபனையோடு திருப்பி அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுக் கிடைத்தால் அவர் மறுத்தாலும் சட்டமாகிவிடும் என்று மட்டும் இருக்கிறது. வாஷிங்டன் 1792இல் முதல் முறையாகத் திருப்பி அனுப்பினார். முதல் ஆறு பிரசிடென்டுகள் சேர்ந்து பத்தே பத்து முறைதான் இதைப் பயன்படுத்தினார்கள். மசோதா அரசியல் சட்டத்துக்கு முரணாகத் தோன்றினால் மட்டுமே மறுக்கலாம் என்பதே பெரும்பாலும் அவர்கள் கொண்ட கருத்து. ஏழாமவரான ஆண்ட்ரூ ஜாக்சன் தனியாளாகப் பன்னிரண்டு முறை மறுத்தார். 1832 ஜூலையில் தேசிய வங்கி மசோதாவை மறுத்தபோது, எனக்கு இந்தக் கொள்கை பிடிக்கவில்லை, ஏழைக்கு இதில் நியாயமில்லை என்ற தோரணையில் காரணம் எழுதினார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவருக்குக் கிரீடமும் செங்கோலும் கொடுத்து, கையில் வீட்டோ தாளோடு, காலடியில் அரசியல் சட்டம் கிழிந்து கிடக்க, ‘முதலாம் ஆண்ட்ரூ மன்னர்’ என்று கேலிச்சித்திரம் போட்டார்கள். அதற்கு நூறு வருஷத்துக்குப் பின் வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 635 முறை மறுத்தார். அவரையும் மன்னர் என்று திட்டியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டோவை அரசியல் சட்ட மீறல் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

இதன் தம்பி ‘பாக்கெட் வீட்டோ’. மசோதா கைக்கு வந்து ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் சும்மா இருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும். ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் காங்கிரஸ் கலைந்து போய்விட்டால், திருப்பி அனுப்ப இடமில்லாததால் மசோதா செத்துப்போகும். பிரசிடென்ட் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தால் போதும். 1812இல் இதை முதலில் செய்தவர், சட்டத்தை எழுதுவதில் முன்னின்ற மேடிசனேதான். நம் ஊரில் இந்தப் பை இன்னும் ஆழமானது. நம் அரசியல் சட்டத்தின் 111ஆம் பிரிவில் நாள் கணக்கே கிடையாது. 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவைக் கியானி ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த மசோதா அது. அது கடைசிவரை சட்டமாகவே இல்லை. 2006இல் அப்துல் கலாம் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடியும் நிறைவேற்றவே கையெழுத்திட்டார். பெயரளவுத் தலைவர் என்று நாம் நினைக்கிறவரிடம் இருக்கும் சட்டைப் பை, பெரிய அதிபர் என்று நினைக்கிறவரிடம் இருப்பதைவிடப் பெரியது!

‘கேபினட்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துறைத் தலைவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. வாஷிங்டன் ஜெபர்சன், ஹாமில்டன், நாக்ஸ், ராண்டால்ஃப் என்ற நால்வரையும் கூட்டிவைத்துப் பேசப் பேச அந்த வழக்கம் ஊன்றிவிட்டது. அவர் முதலில் ஆலோசனைக்கு நம்பியிருந்தது செனட்டைத்தான். 1789 ஆகஸ்ட் 22 அன்று, தெற்குப் பகுதிப் பூர்வகுடியினரோடு செய்யவேண்டிய உடன்படிக்கை பற்றிக் கேட்க நேரிலேயே செனட்டுக்குப் போனார். தெரு இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. குழு போட்டு யோசிக்கிறோம் என்றார்கள் உறுப்பினர்கள். வந்த காரியமே கெட்டது என்று சிடுசிடுத்தார் வாஷிங்டன். இரண்டு நாள் கழித்து ஒரு முறை வந்து வேலையை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆலோசனை கேட்க அந்தப் பக்கமே போகவில்லை. சட்டத்தில் ‘ஆலோசனையும் இசைவும்’ என்று இருப்பதில் ஆலோசனை அன்றோடு தேய்ந்து, இசைவு மட்டும் நின்றது.

காங்கிரஸ் கேட்கும் ஆவணங்களைத் தர மறுக்கும் உரிமைக்கு ‘எக்ஸிக்யூட்டிவ் பிரிவிலெஜ்’, அதாவது ஆட்சித்துறைச் சிறப்புரிமை என்று பெயர். பெயர் 1950களில் ஐசனோவர் காலத்தில் வழக்குக்கு வந்தது, செயல் வாஷிங்டனுடையது. 1796இல் இங்கிலாந்தோடு செய்த ஜே உடன்படிக்கையின் தாள்களைப் பிரதிநிதிகள் சபை கேட்டபோது அவர் தரவில்லை. உடன்படிக்கையில் உங்களுக்கு வேலை இல்லை, இம்பீச்மென்டுக்காகக் கேட்டிருந்தால் அது வேறு என்ற பொருளில் பதில் எழுதினார். இந்தக் கடைசிப் பகுதியைப் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்தார்கள். வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் தம் அறையில் பதிவான ஒலிநாடாக்களைத் தர மறுத்தபோது, 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் இரண்டு காரியம் செய்தது. அப்படியொரு சிறப்புரிமை உண்டு என்று முதல் முறையாக ஒப்புக்கொண்டது. ஆனால் குற்ற வழக்குக்கு முன்னால் அது நிற்காது என்று நாடாக்களைக் கொடுக்கச் சொன்னது. பதினாறாம் நாள் நிக்சன் பதவி விலகினார். நிக்சன் தோற்றார், பதவி ஜெயித்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது ‘எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்’. நிர்வாக ஆணை என்று தமிழில் எழுதுகிறோம், அது சரிதான். சிலர் ‘அவசரச் சட்டம்’ என்று எழுதுவது தவறு. நம் 123ஆம் பிரிவின் அவசரச் சட்டம் உண்மையிலேயே சட்டம். நாடாளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் செத்துப்போகும். அமெரிக்க ஆணை சட்டமல்ல. ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்திலோ அரசியல் சட்டத்திலோ கால் ஊன்றித் தம் அதிகாரிகளுக்குப் பிரசிடென்ட் இடும் கட்டளை. அவையின் ஒப்புதல் தேவையில்லை என்பதால் அது காலாவதியாவதும் இல்லை. அடுத்து வருகிறவர் ரத்து செய்யும்வரை நிற்கும். 1907இல்தான் இவற்றுக்கு எண் போடத் தொடங்கினார்கள். பழைய தாள்களைத் தேடி, 1862இல் லிங்கன் லூசியானாவில் தற்காலிக நீதிமன்றம் அமைத்த ஆணைக்கு ‘எண் 1’ கொடுத்தார்கள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் மட்டும் 3,700க்கும் மேற்பட்ட ஆணைகள்.

அவற்றில் ஒன்று 9066. 1942 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தானது. படித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இராணுவப் பகுதிகளைக் குறித்து, தேவையில்லாதவர்களை அங்கிருந்து விலக்கப் போர்த்துறைக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவே. ‘ஜப்பானியர்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அந்தத் தாளின் பலத்தில் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, நிலத்தை விட்டுக் கிளப்பி, முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். குழந்தைகள், கிழவிகள் எல்லாரும் அதில் அடக்கம். 1944இல் கோரமட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. எதிர்த்து எழுதிய மூவரில் ஒருவர் ராபர்ட் ஜாக்சன்; ஒரு காலத்தில் ரூஸ்வெல்டிடமே அட்டர்னி ஜெனரலாக வேலை பார்த்தவர். 1988இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு அன்றே தவறானது என்று வாய்விட்டுச் சொன்னது. அதற்குள் முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆணை என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண் நினைவுக்கு வரும். 1948இல் டுரூமன் இராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க வழிசெய்த 9981ஆம் எண்ணும் ஆணைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே டுரூமன் 1952 ஏப்ரலில், கொரியப் போர் நடக்கும்போது எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வருகிறது என்று ஆலைகளையே அரசு எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். இரண்டு மாதத்துக்குள், ஜூன் 2 அன்று, உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றுவரை சட்டக் கல்லூரிகளில் பாடம். காங்கிரஸ் சம்மதத்தோடு பிரசிடென்ட் செயல்பட்டால் அவர் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது; காங்கிரஸ் ஒன்றும் சொல்லாதபோது அது ஒரு மங்கலான அந்தி வேளை; காங்கிரஸ் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அதிகாரம் அடித்தட்டுக்கு இறங்கிவிடுகிறது என்று மூன்று படி வைத்தார். முகாம் வழக்கில் தோற்ற கட்சியில் நின்ற மனிதர் எட்டு வருஷம் கழித்து எழுதிய அளவுகோல் இது.

போர் விஷயத்தில் அந்த அந்தி வேளைதான் நிரந்தரமாகிவிட்டது. பிலடெல்பியா வரைவில் காங்கிரஸ் ‘போர் செய்யும்’ என்று இருந்ததை, 1787 ஆகஸ்ட் 17 அன்று ‘போரை அறிவிக்கும்’ என்று மாற்றினார்கள். திடீர்த் தாக்குதல் வந்தால் தடுக்கப் பிரசிடென்டுக்குக் கை இருக்கட்டும் என்பதே நோக்கம். அந்தச் சிறு இடைவெளி வழியே பெரும் படைகள் போயின. காங்கிரஸ் கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில். கொரியாவும் வியட்நாமும் ஈராக்கும் அதற்குப் பிறகு வந்தவை. 1950இல் ஒரு நிருபர் “இது போலீஸ் நடவடிக்கை மாதிரியா?” என்று கேட்க, ஆமாம் என்றார் டுரூமன். அந்தப் பெயரிலேயே மூன்று வருஷம் யுத்தம் நடந்தது. 1973இல் நிக்சனின் வீட்டோவை மீறிக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது: படையை இறக்கினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், அனுமதியில்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். அதன்பின் வந்த பிரசிடென்டுகள் அறிக்கை அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒத்துக்கொள்ளாமல் கவனமாக வார்த்தை போட்டு அனுப்புகிறார்கள்.

இந்த வரிசையில் ஆகப் புதிய சொல் ‘இம்யூனிட்டி’, குற்ற வழக்கிலிருந்து விலக்கு. அதுவும் 2ஆம் பிரிவில் இல்லை. 2024 ஜூலை 1 அன்று டிரம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், பதவிக்கே உரிய அதிகாரங்களைச் செலுத்தியதற்காக ஒரு முன்னாள் பிரசிடென்ட் மீது குற்ற வழக்கே போட முடியாது என்றும், மற்ற அலுவல் செயல்களுக்கும் விலக்கு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சொந்தச் செயலுக்கு மட்டும் விலக்கு இல்லை. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் பதவியேற்று, 2025இல் மட்டும் 200க்கும் மேற்பட்ட ஆணைகளில் கையெழுத்திட்டார்.

எதிர்த்து எழுதிய நீதிபதிகள் சுட்டிய பழைய சங்கதி ஒன்று உண்டு. நிக்சன் விலகி ஒரு மாதம் ஆனதும், 1974 செப்டம்பர் 8 அன்று, பின்வந்த ஜெரால்ட் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்பது சட்டத்தில் பெயர் சொல்லியே கொடுக்கப்பட்ட அதிகாரம். பதவியில் இருந்த காலம் முழுவதும் செய்த, செய்திருக்கக் கூடிய அத்தனை குற்றங்களுக்கும் சேர்த்த மன்னிப்பு அது. நிக்சன் அதை ஏற்றுக்கொண்டார். விலக்கு என்று ஒன்று உண்டென அன்று ஃபோர்டும் நினைக்கவில்லை, வாங்கிக்கொண்டவரும் நினைக்கவில்லை.